கண்ணை மூடிக் கேட்ட காசு

அரசப்பனுக்குக் காது நல்ல காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் சொன்னது இதைத்தான். இப்போது அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்பதுதான் கதை.

தஞ்சாவூரில் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். திருவையாற்று ஆராதனைக்கு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. முன்வரிசையில் இடம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாடத் தெரியாது. அவர் தாளம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். ஆனாலும் தனக்குக் காது இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தக் காதை அவர் பழைய காசுகளின் மேல் பிரயோகித்தார். வெள்ளி ரூபாயைக் கட்டைவிரலில் வைத்துச் சுண்டினால் ஒரு நாதம் எழுமே, அதைக் கேட்டே அசலா போலியா என்று சொல்லிவிடுவார். தராசு, பூதக்கண்ணாடி எல்லாம் காது இல்லாதவர்களுக்கு. சுண்டுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்திருந்தால் காது பாதி வேலைதான் செய்யும் என்பது அவர் கொள்கை. நாதம் அடங்கும்வரை அப்படியே இருந்து, மெதுவாக மூச்சை விட்டு, "சுத்தம்" என்பார்.

நாணயக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய சதுர அட்டையில் காசை அடைத்து, ஓரத்தில் 'அசல்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, இதற்கென்றே செய்துவைத்த ரப்பர் முத்திரையையும் குத்திக் கொடுப்பார். கட்டணம் கிடையாது. அலுவலகத்தில் போட்ட கையெழுத்து போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் போட ஒரு இடம் கிடைத்ததே, அதுவே அவருக்குப் பெரிய வரும்படி.

மனசுக்குள் ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். தன்னுடைய காசுகளில் நல்லதாக ஒரு முப்பதை என்றைக்காவது ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்குள், காசுக்குக் கீழே, சின்ன அட்டையில் 'அரசப்பன், தஞ்சாவூர்' என்று எழுதியிருக்க வேண்டும். இதை அவர் மனைவி பிரகதீஸ்வரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். "எழுதட்டும், எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கீரை ஆய்ந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் கொட்டிக் கிடந்தது. வாட்ஸப்பில் 'காவிரிக்கரை நாணய நண்பர்கள்' என்று ஒரு குழு தொடங்கினார். நூற்றுப்பன்னிரண்டு பேர். அதில் கள்ளக்காசைப் பற்றி அவர் போடும் ஒவ்வொரு பதிவுக்கும் அலுவலகச் சுற்றறிக்கைபோல எண் உண்டு. எச்சரிக்கை எண் 23, பெரிய கோயில் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு விற்கும் 'ராஜராஜன் காசு' பற்றியது. போன மாதம் வார்த்ததைப் புளிபோட்டுப் புதைத்து எடுத்து ஆயிரம் வருஷம் ஆக்கியிருந்தார்கள். விற்றவனிடம் இவர் சண்டைக்குப் போனபோது அவன், "ராஜராஜன் செஞ்சாலும் செம்புதான் சார், நாங்க செஞ்சாலும் செம்புதான்" என்றான். அதற்குப் பதில் யோசித்தபடி இவர் வீடு வரை நடந்தே வந்துவிட்டார்.

குழுவில் வெங்கட்ராகவன் என்று ஒருவர் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்தவர். "காதை நம்பாதீர்கள் சார், லென்ஸ் வைத்துப் பாருங்கள்" என்று அவ்வப்போது எழுதுவார். "வங்கியில் இருந்தவர்களுக்குச் சங்கீதம் எப்படித் தெரியும்" என்று அரசப்பன் பதில் எழுதுவார். அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள்.

இப்படி இருக்கையில்தான் எச்சரிக்கை எண் 147 வந்தது. இணையத்தில் பொருள் விற்கும் ஒரு தளத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது, அய்யம்பேட்டைக் கடை ஒன்று 1939ஆம் வருஷத்து ஒரு ரூபாயை நாற்பத்தெட்டாயிரத்துக்குப் போட்டிருப்பதைப் பார்த்தார். அந்த வருஷத்து ரூபாய் லேசில் கிடைக்காது. காசை மட்டும் நெருக்கி எடுத்திருந்த படத்தில் சுண்ட முடியாது என்பதால், வேறு வழியில்லாமல் கண்ணால் பார்த்தார். பார்த்ததும் துள்ளிக் குதித்து எழுதினார்:

"நண்பர்களே! 1938ஆம் வருஷத்துச் சாதாரண ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். அசலில் இரண்டு ஒன்பதும் ஒரே முகமாக இருக்கும். இங்கே ஒன்று அண்ணன், மற்றது அடுத்த வீட்டுக்காரன். 'நிபுணர் சான்றுடன்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். அந்த மகா நிபுணர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தாரா, கட்டுப் போட்டிருந்தாரா? எல்லோரும் உடனே புகார் பொத்தானை அழுத்துங்கள்."

அறுபது பேராவது அழுத்தியிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் கடையின் பக்கமே தளத்திலிருந்து காணாமல் போனது. அரசப்பன் அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதோடு விட்டிருந்தால் அரசப்பன் ஆவாரா? அடுத்தது காவல் நிலையத்தில் மனு. காசை நேரில் பார்க்காமல் கொடுத்தால் மனு நிற்காது என்பது அவருடைய அலுவலக அனுபவம். வாங்குபவர்போலப் போய்ப் பார்த்துவர ஸ்கூட்டரை எடுத்தார்.

"தனியா போனா சண்ட போட்டுட்டு வருவீங்க. நானும் வர்றேன்" என்று பிரகதீஸ்வரி பின்னால் ஏறிக்கொண்டாள்.

குறுவை அறுப்புக் காலம். பசுபதிகோயில் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஸ்கூட்டரை ஓட்டியபடி, கடைக்காரனைக் கேட்க வேண்டிய கேள்விகளை அரசப்பன் சத்தமாக ஒத்திகை பார்த்தார். காய்ந்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து, "எங்கதான் காய வைக்கறது, சொல்லுங்க!" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கடையில் கடைக்காரன் இல்லை. லத்தீஃபா என்ற பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. வளையல், ஹேர்பின், மருதாணிக் கோன் எல்லாம் முன்னால். பின்னால் சுவரோரம் ஒட்டி முடித்த பார்சல்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"வாங்க சார், வாங்கக்கா. என்ன வேணும்?"

"பழைய காசு ஒண்ணு விக்கிறதா கேள்விப்பட்டேன்" என்றார் அரசப்பன், மிகவும் அலட்சியமாக.

"அந்தக் காசாலதான் சார் கடையே கவுந்து கெடக்கு." அவள் பார்சல்களைக் காட்டினாள். "முப்பத்தெட்டு நைட்டி ஆர்டர். எல்லாம் நின்னு போச்சு. தஞ்சாவூர்ல யாரோ எங்க காசு போலின்னு எழுதி, ஊரக் கூட்டிப் புகார் குடுத்திருக்காங்க. காசு ஒண்ணத்தான் எடுப்பாங்கன்னு பாத்தா, கடைக் கணக்கையே முடக்கிட்டாங்க. பஜார்ல கள்ளக்காசுக் கடைன்னு பேரு வச்சாச்சு. எம் மவள பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம், ஒங்கம்மா வீட்டுலயே அச்சடிக்கிறாங்களான்னு."

அரசப்பன் நிமிர்ந்து நின்றார். "போலிய வித்தா நாலு பேரு கேக்கத்தானே செய்வாங்க?"

"அது போலி இல்ல சார்!" அவள் குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுக்காரங்க ஷார்ஜாவுல இருக்காங்க, மூஸான்னு பேரு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல லீவுல வந்தப்ப தஞ்சாவூர்ல காசுக் கண்காட்சி நடந்திருக்கு. எவனோ வெளியூர் வியாபாரி இத இருவத்திரண்டாயிரம்னு சொல்லியிருக்கான். மகளுக்கு ஒரு சேமிப்பா இருக்கட்டும்னு இவங்களுக்கு ஆச, ஆனா பயம். அங்க ஒரு சார் மேஜ போட்டு உக்காந்திருந்தாராம். காசச் சுண்டி, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாராம். பாட்டுக் கச்சேரி கேக்குற மாதிரி. ரொம்ப நேரம் கழிச்சு 'சுத்தம்'னாராம். அந்த மொகத்த நம்பித்தான் வாங்குனேன் லத்தீஃபா, பொய் சொல்ற மொகம் அப்படி இருக்காதுன்னு இன்னமும் சொல்லுவாங்க."

ஹேர்பின் அட்டைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பிரகதீஸ்வரியின் கை நின்றது.

லத்தீஃபா டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து, சதுர அட்டை ஒன்றை மேஜைமேல் வைத்தாள். 'அசல்' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, வால் நீண்டு அட்டையின் விளிம்புவரை ஓடியிருந்தது. பக்கத்தில் ஒரு மூலை உடைந்த முத்திரை.

மனுவுக்காக என்று கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை அரசப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். காசைப் பார்க்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தார். அது போலியாக இருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷத்தில் அவர் வேண்டிக்கொண்டதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறார். யாரோ தன் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! ஆனால் முத்திரையின் மூலையை உடைத்ததே அவர்தான், கொய்யாப்பழம் வெட்டிய கத்தியால். பிறகு காசைப் பார்த்தார். இரண்டாவது ஒன்பதைச் சுற்றிச் சுரண்டிய கோடுகள் பல்லைக் காட்டின. பத்து வயதுப் பிள்ளை பார்த்தாலும் தெரிந்திருக்கும், கண் திறந்திருந்தால்.

வெள்ளி அசல் வெள்ளி. அது கொடுத்த நாதமும் அசல் நாதம். வருஷம் மட்டும்தான் பொய். காதுக்கு வருஷம் கேட்காது என்பது அறுபத்தாறு வயதில், ஒரு ஃபேன்சி கடை மேஜை முன்னால், அவருக்குப் புரிந்தது.

"ஒங்களப் பாத்தா காசு தெரிஞ்சவர் மாதிரி இருக்கு" என்றாள் லத்தீஃபா. "கையெழுத்துல பேரு சரியா புரியல. அந்த சார ஒங்களுக்குத் தெரியுமா? அவர் வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார், எங்க பேரு வெளங்கிடும்."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு. "விசாரிச்சு சொல்றேம்மா" என்றார். முப்பத்து மூன்று வருஷம் மனுவோடு வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். கேட்காமலே வந்து நின்றது. லத்தீஃபா அதை நம்பி அவருடைய செல்போன் எண்ணை வாங்கி எழுதிக்கொண்டாள். பிரகதீஸ்வரி ஒரு அட்டை ஹேர்பின்னுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து பின்னால் ஏறினாள்.

பசுபதிகோயில் பக்கம் நெல்லை ஒட்டி ஸ்கூட்டர் மெதுவானபோது, "விசாரிக்க எவ்வளவு நாளாகும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்கு அழுகை வந்தது. கண்ணில் பதர் விழுந்ததாகச் சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து செல்போனை வைத்துக்கொண்டு எழுதினார், அழித்தார். முதலில், 'எச்சரிக்கை எண் 147 நிர்வாகக் காரணங்களால் திரும்பப் பெறப்படுகிறது.' பிறகு, 'அக்காலத்தில் நிலவிய சூழ்நிலையில் சில காசுகள் சரிவர ஆராயப்படாமல் இருந்திருக்கக்கூடும் எனத் தெரியவருகிறது.' மூன்றாவதில் அந்த வெளியூர் வியாபாரியை ஒரு பக்கத்துக்குத் திட்டியிருந்தார். பிரகதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தாள்.

"யாரு தப்பு பண்ணுனாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு கமிஷன் வைக்கணும்போல இருக்கே" என்றாள்.

அவர் கோபித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். யோசித்துப் பார்த்தால் அவருக்குப் போக இருந்தது பெயர் ஒன்றுதான். நூற்றுப்பன்னிரண்டு பேர் நடுவில் இருந்த பெயர். வெங்கட்ராகவன் என்ன எழுதுவார் என்பதை வார்த்தை வார்த்தையாக அவரால் கற்பனை செய்ய முடிந்தது. அந்தப் பெண்ணுக்குப் போனது கடை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போடும் அளவுக்குத் தான் சின்ன மனுஷனா என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் லத்தீஃபாவே கூப்பிட்டாள்.

"சார், விசாரிச்சீங்களா? அவங்க ஷார்ஜாவுலேருந்து தினமும் கேக்குறாங்க. அந்த சார் உசுரோட இருந்தா போதும் லத்தீஃபா, ஒனக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாங்க."

அரசப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். "உசுரோடதாம்மா இருக்கேன்" என்றார்.

"என்ன சார்?"

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டது நான்தாம்மா. அந்தக் காசு போலி. நான் சரியா பாக்கல."

அந்தப் பக்கம் பஜாரில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"கடைக்கு வந்து, எல்லாத்தயும் கேட்டுட்டு, தெரியாத மாதிரியா சார் போனீங்க?"

"ஆமாம்மா."

"தஞ்சாவூர்லேருந்து எழுதுனதும்..."

"நான்தான்."

"சான்று குடுத்ததும் நீங்க, புகார் குடுத்ததும் நீங்க" என்றாள் லத்தீஃபா. அவள் கத்தியிருந்தால் தேவலை, கத்தவில்லை. "நடுவுல நாங்க என்ன சார் பண்ணுனோம்?"

செல்போனை வைத்ததும் அரசப்பன் எழுத உட்கார்ந்தார். இந்த முறை அழிக்காமல் எழுதினார்.

"எச்சரிக்கை எண் 148. அய்யம்பேட்டைக் கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டவர் அவர். 2011இல் அந்தக் காசுக்கு 'அசல்' என்று சான்று கொடுத்தவன் நான். முன்பு நான் கேட்ட கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டது: அந்த நிபுணர் கண்ணாடியும் போடவில்லை, கட்டும் போடவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அட்டை எதையும் நம்ப வேண்டாம். யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். கடைமேல் கொடுத்த புகாரை எல்லோரும் திரும்பப் பெறுங்கள்." கீழே தன் கையெழுத்தின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்.

பதினோரு நிமிஷம் கழித்து வெங்கட்ராகவன் எழுதினார்: "உங்கள் கையெழுத்தில் என்னிடமும் இரண்டு இருக்கின்றன. நாளைக் காலை வரட்டுமா? லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்."

இத்தனை நாள் காதை நம்பாதே என்றவரே தன் சான்றை வாங்கி வைத்திருந்தது அரசப்பனுக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் மறுபக்கம் இன்னும் அவமானமாகவும் இருந்தது. அடுத்த பத்து நாளில் நாற்பத்தோரு அட்டைகள் வீடு தேடி வந்தன. ஒரத்தநாட்டிலிருந்துகூட ஒருவர் வந்தார். பிரகதீஸ்வரி காபி போட்டே களைத்துப்போனாள். நாற்பத்தொன்றில் ஐந்து போலி. போலி ஒவ்வொன்றையும் அவரே உடைத்துப் பிரித்து, 'அசல்' என்ற சொல்லை அடித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். கையெழுத்துப் போடும் ஆசை அத்தோடு அவருக்குப் போனது.

தளத்துக்கும் எழுதினார். 'புகார் கொடுத்தவரே சான்று கொடுத்தவர்' என்று சொல்ல அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தி முழுக் கதையையும் எழுதி அனுப்பினார். ஒன்பதாம் நாள் லத்தீஃபாவின் கணக்கு திரும்ப உயிர் பெற்றது.

அருங்காட்சியகத்துக்கு என்று எடுத்துவைத்த முப்பது காசுகளை அரசப்பன் விற்றார். அதிலிருந்து, மூஸா அன்றைக்கு அந்தக் காசுக்குக் கொடுத்திருந்த இருபத்திரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு அய்யம்பேட்டைக்குப் போனார். 'வேணாம் சார், நீங்க வந்ததே போதும்' என்று அவள் சொல்லுவாள் என்று உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவள் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"காச மட்டும் நான் வச்சுக்கவா சார்?"

"அது போலிம்மா."

"தெரியும் சார். விக்க இல்ல."

எதற்கு என்று கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியதால் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பிரகதீஸ்வரி ஹேர்பின் தீர்ந்துவிட்டது என்றாள். தஞ்சாவூரில் ஹேர்பின்னுக்குப் பஞ்சமா என்று அவர் கேட்டார். அவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். கல்லாவுக்கு மேலே, மருதாணிக் கோன்களுக்கும் வளையல் ஸ்டாண்டுக்கும் நடுவில், கண்ணாடி போட்ட ஒரு சின்னச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே அந்தக் காசு. அதற்குக் கீழே அட்டையில் பெரிய எழுத்தில்:

'இது 1939 காசு இல்லை. 1938ஐச் சுரண்டியது. பார்த்து வாங்குங்கள். அசல் என்றவரும், பிறகு போலி என்று ஒத்துக்கொண்டவரும்: அரசப்பன் சார், தஞ்சாவூர்.'

அரசப்பன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கண்ணாடி இருந்தது, காசு இருந்தது, கீழே அட்டையில் பெயரும் ஊரும் இருந்தன. கேட்டது எல்லாமே கிடைத்திருந்தது. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தபோது, 'சார்' என்ற சொல்லில் கண் நின்றது. அதை எழுதாமல் விட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் விடவில்லை. அதற்குமேல் எழுத்து கலங்கித் தெரிந்தது. இந்த முறை பதர் என்று சொல்ல அங்கே நெல் இல்லை.

வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டத்தைக் காட்டி, "யாரும்மா அந்த அரசப்பன்?" என்று லத்தீஃபாவைக் கேட்டார்.

லத்தீஃபா அரசப்பனைப் பார்த்தாள். ஹேர்பின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிரகதீஸ்வரியும் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றார் அரசப்பன்.